வேலியில் படர்ந்த காட்டுத் திராட்சை: ஆடியில் அடையாளம், புரட்டாதியில் பறிப்பு

ஓகஸ்ட் கடைசியில் கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு கம்பிவேலியில் கறுப்புக் கொத்துகள் தொங்கும். எங்கள் தெருக்கோடியில் நின்ற ஓர் அன்ரி ஒருநாள் கேட்டா: "தம்பி, இது முந்திரிகைதானே? இந்தச் சனம் ஏன் ஒருத்தரும் பிடுங்காமல் விட்டிருக்குது?" (யாழ்ப்பாணத்தில் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம். கஜுவோடு குழப்ப வேண்டாம்.) வேலியில் நின்றது திராட்சைதான். ஆனால் அன்ரியின் கையில் இருந்த கொத்து திராட்சை இல்லை. அதே வேலியில், அதே கம்பியில், பின்னிப் படர்ந்திருந்த வேறொரு கொடியின் காய் அது.

ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் தானாக முளைத்துப் படர்வது ஆற்றங்கரைத் திராட்சை. தாவரப்பெயர் வைட்டிஸ் ரிப்பாரியா. அதைத் தின்னலாம். தின்னலாமா என்பதல்ல சிக்கல், அதோடு சேர்ந்து எது கைக்கு வருகிறது என்பதுதான். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகப் பறிப்பவர்கள் எல்லோரும் பழத்தில் தொடங்குகிறார்கள். பழம் பார்க்க வேண்டியது கடைசியில்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

உங்கள் வளவுக்குள் நிற்கும் கொடி என்றால் கேள்வியே இல்லை. பக்கத்து வீட்டு வேலி என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் "வெட்டிக்கொண்டே போங்கள்" என்பார்கள், அவர்களுக்கு அது களை.

நகரப் பூங்காக்களிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் செடி, காய் பறிக்க அனுமதி இல்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் அப்படியே. பிக்னிக் போன இடத்தில் பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்து படம் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தண்டவாளத்தின் ஓரத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உள்ளே போவதே குற்றம். அதற்கு மேல் அங்கே களைக்கொல்லி அடிப்பார்கள். மின்கோபுரப் பாதைகளிலும் தெரிவு செய்த இடங்களில் அடிப்பதுண்டு. நடுக்கோடையில் இலை சுருண்டு, ஓரம் கருகி, கொடி ஒரு பக்கமாக வாடியிருந்தால் சந்தேகப்படுங்கள். சில களைக்கொல்லிகளைச் செடி உள்ளே இழுத்துக்கொள்ளும், கழுவினால் போகாது.

பெருந்தெரு ஓரமும் வேண்டாம். கனடாவில் ஈயம் கலந்த பெற்றோல் 1990 வரை விற்பனையில் இருந்தது. அந்த ஈயம் மண்ணை விட்டு எங்கும் போகவில்லை. மண்தூசி பழத்தின் மேல் வந்து படியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கத்தரிக்கோல், சின்னக் கத்தி, வெள்ளைத் தட்டு ஒன்று, இரண்டு வாளி, ரப்பர் கையுறை, கடும் நிறத்தில் கொஞ்சம் கம்பளி நூல். நூல் எதற்கு என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

முழுக்கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். திராட்சை படரும் அதே ஓரங்களில் பொய்சன் ஐவி வளரும். மூன்று மூன்றாக இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. அதன் பால் பட்டால் வாரக்கணக்கில் தோல் கொப்பளிக்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் லைம் நோயைப் பரப்பும் உண்ணியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று: நஞ்சு ஆலோசனை மையத்தின் இலக்கம் 1-844-764-7669. பறிக்கப் போகிறீர்களோ இல்லையோ, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

3. கொடியை அடியில் இருந்து பாருங்கள்

இதை ஆடி மாதத்தில், இலை முழுதாக இருக்கும்போது செய்ய வேண்டும். புரட்டாதி வந்தால் சில கொடிகள் இலையைக் கொட்டிவிடும், வேலியில் கறுப்புக் கொத்துகள் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் எல்லாக் கொத்தும் ஒரே கொத்துப் போலத்தான் இருக்கும்.

அடித்தண்டைப் பாருங்கள். முதிர்ந்த திராட்சைத் தண்டின் பட்டை நார் நாராக, நீள் கீற்றாக உரிந்து தொங்கும். பழைய தும்புக்கயிறு பிரிந்தது போல இருக்கும். பட்டை உரியாமல் இறுக்கமாக இருந்தால் அது இளம் தண்டு, அல்லது வேறு கொடி. எதுவென்று மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பற்றுச்சுருள். பாகற்கொடி பந்தலைப் பிடிக்க விடுமே, அந்தச் சுருள். திராட்சையில் அது இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கிளம்பி, நுனியில் இரண்டாகப் பிரியும். சுருளே இல்லாமல் தண்டே முறுக்கிக்கொண்டு ஏறுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது பிறைவிதைக் கொடியாக இருக்கலாம். 5ஆம் படியில் வருகிறது.

சுருள் இருப்பது மட்டும் போதாது. திராட்சையின் உறவுக்காரர்களான வேறு கொடிகளுக்கும் சுருள் உண்டு.

4. இலை: ஓரத்தைத் தடவுங்கள்

ஆற்றங்கரைத் திராட்சையின் இலை ஒற்றை இலை. உள்ளங்கை அளவு, அடியில் இதயவடிவப் பிளவு, பக்கவாட்டில் இரண்டு மேலோட்டமான மடல். முக்கியம் ஓரம்: வாள்பல் போலக் கூரான பற்கள், இலை முழுக்க. விரலால் தடவினாலே தெரியும்.

காம்பு இலையின் விளிம்பில், அந்தப் பிளவின் உச்சியில் வந்து சேர வேண்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, குடையின் பிடி போலக் காம்பு ஒட்டியிருந்தால் அது திராட்சை இல்லை.

இலையில் பச்சைக் கொப்புளம் போலக் கரணைகள் கண்டு பயந்து கொடியையே வெட்டியவர்கள் உண்டு. அது இலையைத் தாக்கும் ஒரு நுண்பூச்சியின் வேலை, பழத்துக்கு ஒன்றுமில்லை. யப்பான் வண்டு அரித்து இலை வலைத்துணி மாதிரி ஆனாலும் அப்படியே.

இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக அல்லது துருநிறமாக, கம்பளி தடவியது போல இருந்து, பழமும் பெரிதாக இருந்தால் அது காட்டுக்கொடி இல்லாமல் இருக்கலாம். ரொறன்ரோவின் பழைய வீடுகளில் இத்தாலியர்களும் போர்த்துக்கீசரும் பந்தல் போட்டு வளர்த்த திராட்சை கைவிடப்பட்டு வேலி ஏறியிருக்கும். அதையும் தின்னலாம், இன்னும் இனிப்பு. அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசிச் செயலியை நம்பலாமா என்று கேட்பார்கள். செயலி நீங்கள் காட்டிய ஓர் இலைக்குத்தான் பதில் சொல்கிறது. பறிக்கப் போகும் கொத்து அந்த இலையின் கொடியில்தான் தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது.

5. கூடவே நிற்கும் கொடிகள்

பிறைவிதைக் கொடி. இங்கே மூன்சீட் என்பார்கள். தெற்கு ஒன்ராறியோவின் ஆற்றோரங்களிலும் வேலியோரங்களிலும் தானாக வளர்வது. சீந்திலும் காக்கைக்கொல்லியும் சேர்ந்த குடும்பம் என்றால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். பழம் அச்சொட்டாகத் திராட்சை: கருநீலம், மேலே சாம்பல் பூத்த பொடி, கொத்தாகத் தொங்கும். தின்றால் உயிருக்கே ஆபத்து. இலை ஓரத்தில் பல் கிடையாது, பற்றுச்சுருள் கிடையாது, காம்பு இலைக்கு உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். விதை ஒன்றே ஒன்று, தட்டையாக, மூன்றாம்பிறை போல வளைந்தது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்யுங்கள்.

வேர்ஜீனியா கிறீப்பர். அன்ரியின் கையில் இருந்தது இதுதான். நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு குழப்பம் இதனால்தான் என்பது என் கணிப்பு. ஒரு காம்பில் ஐந்து இலை, கைவிரல் விரித்தது போல. காய் பழுக்கும்போது காம்புகள் இளஞ்சிவப்பாக மாறும். திராட்சையின் காம்பு பச்சையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். பிரண்டை உரித்தால் கை அரிக்குமே, அதற்குக் காரணமான ஒக்சலேட் ஊசிகள் இதன் காயிலும் உண்டு. வாயும் தொண்டையும் எரியும். கூடத் தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். இதுவும் திராட்சைக் குடும்பம்தான், அதனால்தான் சுருளும் வைத்திருக்கிறது.

பக்தோர்ன். இது கொடியே அல்ல, சிறுமரம். பிறகு ஏன் இங்கே? ரொறன்ரோவின் ஓரங்களில் இது மண்டிக்கிடக்கிறது, திராட்சை இதன் மேல்தான் ஏறும். கொடிக்குள் கையை விட்டு உருவினால் இரண்டு கறுப்புப் பழமும் சேர்ந்து வரும். பக்தோர்ன் பழம் காம்படியில் ஒட்டினாற்போல் நெருக்கமாக நிற்கும், தொங்கும் கொத்தாக இராது. தாவரப்பெயர் ராம்னஸ் கதார்ட்டிகா. கதார்ட்டிகா என்றால் பேதியாக்குவது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போர்சலின் பெரி. அழகுக்கு நட்டது வேலி தாண்டியது. இலை திராட்சையையே உரித்து வைத்தது போல இருக்கும். ஆனால் ஒரே கொத்தில் நீலம், ஊதா, பச்சை என்று பல நிறம், மேலே புள்ளி. பட்டை உரியாது. இளந்தண்டை வெட்டினால் நடுப்பகுதி வெள்ளை. திராட்சையில் அது பழுப்பு.

"குருவி தின்னுதே, அப்ப மனுசருக்கும் ஒன்றும் செய்யாது" என்ற கதையை இங்கேயே முடித்துவிடுவோம். மேலே சொன்ன வேர்ஜீனியா கிறீப்பரையும் பக்தோர்னையும் குருவிகள் நன்றாகவே தின்கின்றன. நகரம் முழுக்க விதை பரவியது அப்படித்தான்.

6. நூலைக் கட்டுங்கள்

அடையாளம் உறுதியான கொடியில், கொத்து வரும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு துண்டு நூல். கொடிக்கு ஒன்று போதாது. வேலியில் கொடிகள் பின்னிக் கிடக்கும். இரண்டு மாதம் கழித்து இலை உதிர்ந்த பிறகு எந்தக் கிளை எந்தக் கொடி என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இதைக் கற்றது ஒரு வடிகட்டிக்குள். முதல் வருடம் ஒரு வாளி பறித்து, குசினியில் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் எல்லாமே கறுப்பு முத்து. ஒரு காம்பு மட்டும் இளஞ்சிவப்பு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிறகு கிண்டினால் இன்னொன்று, இன்னொன்று. அதற்குள் காம்பை விட்டுக் கழன்ற பழங்கள் அடியில் நிறைந்துவிட்டன. எது எது என்று பிரிக்க வழியில்லை. முழு வாளியும் குப்பைக்குப் போனது.

பூத்தும் கோடை முழுவதும் காயே பிடிக்காத கொடிக்கு நூல் கட்டிக் காத்திருக்க வேண்டாம். காட்டுத் திராட்சையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடி ஆனியில் வாசனையாகப் பூக்கும், அவ்வளவுதான்.

7. பறிக்கும் நாளில்: விதையைப் பாருங்கள்

பழம் கறுத்தவுடன் பறிக்காதீர்கள். ஓகஸ்ட் கடைசியில் கறுத்திருக்கும், ஆனால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். செப்டெம்பர் நடு, கடைசி நல்லது. முதல் உறைபனி பட்ட பிறகு இன்னும் இனிக்கும். ஆனால் அதுவரை குருவியும் குளவியும் விட்டுவைக்க வேண்டும்.

காலை வெள்ளன, குளிர் இருக்கும்போது போனால் குளவித் தொல்லை குறைவு. முதலில் நூல் கட்டிய ஒவ்வொரு கிளையிலும் ஒரு பழம் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து நறுக்குங்கள். உள்ளே 2 முதல் 4 விதை, சில பழத்தில் ஒன்று, பேரிக்காய் வடிவில், ஒரு முனை கூராக இருக்க வேண்டும். தட்டையான பிறைவிதை ஒன்று கண்டாலும் அந்தக் கிளை முழுவதையும் விடுங்கள்.

இந்தச் சோதனையால்தான், பச்சைக் காய் பறித்து ஊறுகாய் போடுவதைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. காட்டுத் திராட்சையின் பிஞ்சு தின்னக்கூடியதுதான். ஆனால் விதை முற்றாத காயில் பார்க்க ஒன்றுமில்லை.

கொத்தைக் காம்போடு கத்தரியுங்கள், உருவ வேண்டாம். காம்பு இருந்தால்தான் வீட்டில் இரண்டாம் முறை சரிபார்க்கலாம். ஒவ்வொரு கொத்தையும் ஒரு கணம் பார்த்து ஒரு வாளிக்குள் போடுங்கள். சந்தேகம் உள்ளது இரண்டாம் வாளிக்கு. இரண்டாம் வாளியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இடுப்புக்குக் கீழே தொங்குவதையும் நான் விடுவேன். எங்கள் தெருவில் நாய்கள் அதிகம்.

8. முதல் வாய்

எல்லாச் சோதனையும் தாண்டிய பழத்தில் நாலைந்து மட்டும். தோலைப் பிதுக்கிச் சதையை உறிஞ்சுங்கள், விதையைக் கடிக்காதீர்கள், கசக்கும். சுவை முதலில் புளிப்பு, பிறகு திராட்சை. கசப்பாகவோ, ஊசி குத்தியது போலவோ இருந்தால் உடனே துப்பி வாயைக் கொப்பளியுங்கள்.

ருசி பார்த்து அடையாளம் காண்பது என்று ஒரு வேலை கிடையாது. அடையாளம் முடிந்த பிறகுதான் ருசி.

பிள்ளைகளுக்கு ஒரு விதி போதும்: வேலியில் இருந்து நேரே வாய்க்குப் போகக் கூடாது, குசினி வழியாக மட்டும். நாய் வளர்க்கிறவர்கள் விழுந்த பழத்தையும் பிழிந்த சக்கையையும் அதற்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எந்தத் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

யாராவது தவறானதைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுத்து, மேலே தந்த இலக்கத்தை அழையுங்கள். வலிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் நேரே 911. தின்ற கொடியின் இலையும் காயும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். "கறுப்பா, சின்னதா" என்று சொன்னால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது.

9. சாறு எடுப்பது: கையுறை இல்லாமல் தொடாதீர்கள்

பழப்புளியில் இருக்கும் அதே தார்த்தாரிக் அமிலம்தான் இதிலும். ஒரு வாளிப் பழத்தை வெறுங்கையால் பிசைந்தால் அன்றிரவு செத்தல் மிளகாய் அரைத்த கைபோல எரியும். எனக்கு இரண்டு நாள் எரிந்தது. தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டே ரீவி பார்த்தேன்.

கழுவி, காம்பு நீக்கி, எவர்சில்வர் பானையில் போடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளி அதை அரிக்கும். பழம் பாதி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, கொதித்ததும் நெருப்பைக் குறைத்து 10 நிமிடம். உருளைக்கிழங்கு மசிப்பதால் மெதுவாக நசியுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள்: விதை உடைந்தால் சாறு முழுக்கக் கசக்கும்.

மெல்லிய பருத்தித் துணியில் கட்டி இரவு முழுக்கச் சொட்ட விடுங்கள். பொறுமை கெட்டுப் பிழிந்தால் சாறு கலங்கும்.

அடுத்த படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். வடிந்த சாற்றைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி பிரிட்ஜில் ஒருநாள் முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் சாம்பல் கலந்த ஊதா மண்டி படியும், அதில் கண்ணாடித்தூள் போலப் பளிங்குகளும் இருக்கும். அது தார்த்தாரிக் உப்பு. மேல் சாற்றை மட்டும் மெல்லச் சரித்து எடுங்கள், மண்டியை ஊற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஜெல்லி நறநறக்கும், புளிப்பும் கூடிப்போகும்.

10. ஜெல்லி

இந்தப் பழத்தை வெறுமனே தின்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் எல்லாம் ஜெல்லியாகத்தான் முடியும். சாறு 4 கப், சீனி 3 கப். செப்டெம்பர் நடுவில் பறித்து அதிகம் புளித்தால் சீனியை 4 கப் வரை கூட்டலாம். முழுக்கப் பழுத்த பழத்தில் பெக்ரின் (ஜெல்லியை இறுகவைக்கும் பொருள்) குறைவு, அதனால் பறிக்கும்போதே கால்பங்கு செங்காயாக இருக்கும்படி பாருங்கள். பெக்ரின் வாங்கிப் போட வேண்டிய தேவை இராது.

ஒரு தடவைக்கு 4 கப் சாறு போதும். இரண்டு மடங்காகக் காய்ச்சினால் கொதிக்கும் நேரம் நீண்டு, இறுகுவதற்குப் பதில் பாகாகவே நிற்கும். பானை உயரமாக இருக்கட்டும், நுரை பொங்கும்.

வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 பாகை செல்சியஸ். இல்லாவிட்டால் உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேல்தோல் சுருங்கினால் பதம். அடுப்பில் இருக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும். அதைப் பார்த்து இன்னும் 10 நிமிடம் கொதிக்கவிட்டவர்களின் போத்தலில் கரண்டி இறங்காது.

வெறும் போத்தல்களை 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே ஜெல்லியை ஊற்றுங்கள். மேலே 6 மில்லிமீற்றர் இடம் விட்டு, மூடி, மறுபடி கொதிநீரில் மூழ்க வைத்து 5 நிமிடம். ஆறும்போது மூடி 'டிக்' என்று உள்ளே இழுபட வேண்டும். இழுபடாததை பிரிட்ஜில் வைத்து முதலில் முடியுங்கள்.

வேலிக்கொடியை மாரியில் ஒட்ட வெட்டிவிடாதீர்கள். இந்த வருடம் நீண்ட தண்டில் இருந்து அடுத்த வருடம் கிளம்பும் தளிரில்தான் காய் வரும். நூலையும் அவிழ்க்க வேண்டாம், தண்டை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஆனாலும் அடுத்த ஆடியில் இலையைத் திரும்பவும் பார்க்க வேண்டும். ஒரு குளிர்காலத்துக்குள் வேலியில் யார் யார் புதிதாக ஏறியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.